பயணம் போன இடத்தில் வாங்கி, பழசான பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் பொருள் எது?

ஒரு டீ-சர்ட். 2017 ஜனவரியில் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் வாங்கியது. நீல நிறம், நெஞ்சில் ஒரு கடலாமை, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் தீவின் பெயர். என் அம்மாவுக்கு, ஒரு அவசரத்துக்கு வாங்கினேன்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான குளச்சல். 2004 டிசம்பர் 26 காலையில் அம்மா கடப்புறத்தில் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில்தான் தண்ணீர் ஏறியது. அம்மாவுக்கு மீன் கொடுத்த அக்காள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அம்மா கடலைப் பார்க்கப் போகவே இல்லை, மீன் வாசலுக்கு வந்தால் வாங்குவாள், ஆடி மாதம் கடல் இரைகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள்.

தம்பிக்கு அப்போது போர்ட் பிளேரில் வேலை. அவனைப் பார்க்கத்தான் வந்தாள், ஹேவ்லாக்குக்கு நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம். கப்பலில் போன இரண்டு மணி நேரமும் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினாள்.

ராதாநகர் கடற்கரையில் முதலில் மரத்தடியில்தான் உட்கார்ந்தாள். மண்ணை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்து, "இது என்ன மக்களே, அரிசி மாவு மாதிரி இருக்கு" என்றாள். எங்கள் பக்கத்து மண்ணில் இல்மனைட் என்கிற கறுப்புத் தாது கலந்திருப்பதால் கறுத்துக் கிடக்கும், மத்தியான வெயிலில் கால் வைக்க முடியாது. இங்கே பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்த வெள்ளை மண், வெயிலிலும் சுடவில்லை. அந்த மண்ணில் நடந்து பார்க்கிறேன் என்று எழுந்தவள் அப்படியே தண்ணீர் வரைக்கும் போய்விட்டாள். எங்கள் கடல்போல அடித்து இழுக்கிற அலை இல்லை, தண்ணீர் தட்டையாக வந்து போனது. கணுக்கால், அப்புறம் முட்டு, அப்புறம் சேலையோடு உட்கார்ந்தேவிட்டாள். நான் பக்கத்தில் போகாமல் நின்றேன். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது.

மாற்றுத் துணி அறையில் இருந்தது. ஜனவரியில் அங்கே ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. வெளியே வரிசைக் கடைகளில் ஒரு வங்காளி அம்மாவின் கடையில் அவள் அளவுக்கு இருந்தது இந்த ஒன்றுதான். அந்த அம்மாவே ஒரு துண்டு கொடுத்து, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சேலைக்கு மேலேயே டீ-சர்ட்டைத் தலைவழியாக மாட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. அம்மா கடலைக் காட்டி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, "சுனாமி" என்றாள். அந்த அம்மாவும் கையை உயர்த்தி, "சுனாமி" என்றார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். நான் காசை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அம்மா ஒரு பவளத் துண்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பவளத்தைத் தீவை விட்டு எடுத்துப் போவது குற்றம் என்று தம்பி சொன்னதும் மறுநாள் திரும்பவும் போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள். ஆக, அங்கிருந்து எங்களோடு வந்தது இந்த டீ-சர்ட் மட்டும்தான்.

2018 டிசம்பரில் ஹேவ்லாக்கின் பெயரை சுவராஜ் தீவு என்று மாற்றிவிட்டார்கள், சட்டையில் பழைய பெயர்தான் இருக்கிறது. அதிலும் கடைசி இரண்டு எழுத்து உதிர்ந்துவிட்டது. ஆமையின் ஒரு கால் நான் தெரியாமல் தேய்த்தபோது இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அதைத் துவைக்க என்னிடம் தருவதில்லை, அவளே உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசி நிழலில் காயப்போடுகிறாள். இப்போது சனிக்கிழமைகளில் கடப்புறத்துக்கு அவளே போகிறாள், நைட்டிக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு. போன வாரம் சாளை வாங்கி வந்தாள்.