விண்டோஸை மாற்றிப் போடும் முன்: சேமித்த கடவுச்சொற்களும் நெட்வொர்க் விவரங்களும்

திருப்பூரில் பின்னலாடை வணிகம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அலுவலக மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. மிகவும் மெதுவாகிவிட்டதால் ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி, கொரியர், மின்வாரியம் என்று எல்லாத் தளங்களின் பாஸ்வேர்டும் குரோமில்தான் இருக்கிறது. பாதி எனக்கே நினைவில்லை. வைஃபையும் நிலையான ஐபியும் அமைத்துக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. சி டிரைவில் என் பெயரில் உள்ள கோப்புறையை முழுவதுமாக வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைத்தால் போதுமா?"

போதாது. ஆவணங்களுக்கும் படங்களுக்கும் அது போதும். கடவுச்சொற்களுக்கு அது உதவாது. குரோம் தன் கடவுச்சொற்களை 'லாகின் டேட்டா' என்னும் சிறிய தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்லும் கோப்புறையை நகலெடுக்கும்போது அந்தக் கோப்பும் உடன் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதனுள் இருக்கும் ஒவ்வொரு கடவுச்சொல்லும் குறியாக்கம் செய்யப்பட்டது. அதைத் திறக்கும் சாவி 'லோக்கல் ஸ்டேட்' என்னும் இன்னொரு கோப்பில் இருக்கிறது; அந்தச் சாவியையும் டிபிஏபிஐ எனப்படும் விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு தனியே பூட்டி வைத்திருக்கிறது. இந்த இரண்டாம் பூட்டு உங்கள் விண்டோஸ் கணக்கோடும் நீங்கள் உள்நுழையும் கடவுச்சொல்லோடும் பிணைந்தது. புதிய விண்டோஸில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்குத் தொடங்கினாலும், அதற்கு உள்ளே வழங்கப்படும் அடையாள எண் வேறாக இருப்பதால், பழைய கோப்புறையைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்த பிறகும் குரோமின் கடவுச்சொல் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

ஆகவே கடவுச்சொற்களைப் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீங்களே உங்கள் கணக்கில் உள்நுழைந்து வெளியே எடுக்க வேண்டும். இந்த வேலையைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். உள்நுழைவுக் கடவுச்சொல் தெரியாமல் அவர் அதை வேறு வழியில் அழித்துவிட்டோ மாற்றிவிட்டோ உள்ளே போனால், கணினி திறக்கும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு பிணைந்திருந்த டிபிஏபிஐ பூட்டு திறக்காமல் போகும். கோப்புகள் எல்லாம் கண்ணெதிரே இருக்க, கடவுச்சொற்கள் மட்டும் கைக்கு எட்டாத நிலை பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

அதற்கும் முன்னால், ஃபார்மட் உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 11-க்கு மாறுவதில் தவறில்லை. ஆனால் உங்கள் மடிக்கணினி அதற்குத் தகுதியுள்ளதாக இருந்தால், பழைய விண்டோஸுக்குள் இருந்தபடியே விண்டோஸ் 11 நிறுவு கோப்பை இயக்கி, சொந்தக் கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்ற தேர்வைக் கொடுத்து மேம்படுத்தலாம். அப்படிச் செய்தால் கணக்கு மாறாது. கடவுச்சொற்களும் வைஃபை விவரங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைகளில் ஃபார்மட்டை விரும்புவதற்குக் காரணம், அது அவர்களுக்கு விரைவாக முடிகிற வேலை என்பதுதான். வைரஸ் புகுந்திருந்தாலோ, ஹார்டு டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதாக இருந்தாலோ புதிதாக நிறுவுவது நியாயம். மேம்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கீழே சொல்லும் நகல்களை எடுத்து வைப்பது நல்லது.

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் அமைப்புகள் பகுதிக்குப் போனால் கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. விண்டோஸ் உங்கள் பின் எண்ணையோ கடவுச்சொல்லையோ ஒருமுறை கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சிஎஸ்வி கோப்பாகத் தரும். எட்ஜிலும் இதே வசதி உண்டு. பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது: குரோமில் ஒன்றுக்கு மேற்பட்ட சுயவிவரங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் பட்டியல் தனி. வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தை அழுத்திப் பாருங்கள். உங்கள் பெயரோடு கணக்காளர் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இன்னொரு சுயவிவரம் தெரிந்தால், அதற்குள்ளும் போய்த் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஜிஎஸ்டி கடவுச்சொல் அந்த இரண்டாவதில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கிடைத்த சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கினால் அது எக்ஸலில் திறக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கும் 00451278 போன்ற ஒரு கடவுச்சொல்லை எக்ஸல் எண்ணாகக் கருதி 451278 என்று காட்டும். சமக்குறியில் தொடங்குவதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். பார்த்துவிட்டு மூடும்போது சேமிக்கவா என்று கேட்பதற்கு ஆம் என்று சொல்லிவிட்டால், அந்தக் கடவுச்சொற்கள் கோப்பில் நிரந்தரமாகவே மாறிவிடும். ஆகவே நோட்பேடில் மட்டும் திறந்து பாருங்கள். முதல் வரியில் தளத்தின் பெயர், முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், குறிப்பு என்ற தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்த வரி முதல் ஒரு வரிக்கு ஒரு கணக்கு. உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் இரண்டு மூன்று தளங்களைத் தேடி, கடவுச்சொல் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் கணக்கோடு ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் தேவையா என்று தோன்றலாம். உங்கள் கைப்பேசியில் அதே கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, மடிக்கணினியில் அண்மையில் சேமித்த ஒரு கடவுச்சொல் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஏற்றுமதிக் கோப்பு இரண்டாவது காப்பு. தெரியாவிட்டால் அதுதான் ஒரே காப்பு. அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் குரோமுக்குள் மட்டுமே இருக்கிறது என்றால், அதை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸின் ஏற்பாடு வேறு. அது சாதாரணமாக விண்டோஸ் கணக்கை நம்பியிருப்பதில்லை. கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றின் சாவி இன்னொரு கோப்பிலும் ஒரே சுயவிவரக் கோப்புறைக்குள் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்தால், புதிய கணினியிலும் அது திறக்கும். நீங்கள் முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தால் அது நினைவில் இருக்க வேண்டும். வைக்கவில்லை என்றால், அந்தக் கோப்புறை யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொற்கள் அவர் வசம் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும்.

ஏற்றுமதியில் வராதவையும் சில உண்டு. பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையப் பயன்படும் மின்னணுச் சாவி. விண்டோஸ் ஹலோவில் (கைரேகை, முகம் அல்லது பின் எண் கொண்டு உள்நுழையும் வசதி) அந்த மடிக்கணினிக்குள் மட்டும் சேமித்த பாஸ்கீகளை வெளியே எடுக்க முடியாது. அவற்றைப் பயன்படுத்தும் தளங்களில், ஃபார்மட்டுக்கு முன்பே கைப்பேசியிலும் ஒரு பாஸ்கீயைச் சேர்த்துவிடுங்கள், அல்லது கடவுச்சொல் வழியாக உள்நுழைய முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் ஒப்பமிடும் யூஎஸ்பி டோக்கனைப் பற்றிக் கவலை வேண்டாம். சாவி அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. டோக்கனின் டிரைவரையும் ஒப்பமிட உதவும் எம்சைனர் மென்பொருளையும் மீண்டும் நிறுவினால் போதும். டோக்கனின் 'பின்' எண் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி வைஃபை. விண்டோஸ் தான் ஒருமுறை இணைந்த ஒவ்வொரு நெட்வொர்க்கின் விவரத்தையும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருக்கிறது. அதிலும் கடவுச்சொல் குறியாக்கத்தில்தான் இருக்கும் என்பதால் அந்தக் கோப்புகளை நேரடியாக நகலெடுத்துப் பயனில்லை. டி டிரைவில் வைஃபை என்ற பெயரில் ஒரு காலிக் கோப்புறையை முதலில் உருவாக்கிக்கொண்டு, கட்டளைகளைத் தட்டும் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, 'நெட்ஷ் டபிள்யூலேன் எக்ஸ்போர்ட் ப்ரொஃபைல் கீ=கிளியர் ஃபோல்டர்=டி:\வைஃபை' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். முதற்சொல்லின் எழுத்துகள் என், இ, டி, எஸ், எச். இரண்டாம் சொல்லின் எழுத்துகள் டபிள்யூ, எல், ஏ, என். இதில் 'கீ=கிளியர்' என்பதை விட்டுவிட்டால் கோப்புகள் உருவாகும், ஆனால் கடவுச்சொல் பூட்டியபடியே வெளிவரும். ஏதாவது ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து, 'ப்ரொடெக்டட்' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' என்றும், அதற்கடுத்த 'கீ மெட்டீரியல்' என்ற இடத்தில் உங்கள் வைஃபை கடவுச்சொல் படிக்கக்கூடிய எழுத்துகளிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஆட் ப்ரொஃபைல்' என்ற கட்டளையோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் இணைப்பு தானாக வந்துவிடும். இரண்டே வைஃபைதான் இருக்கிறது என்றால், கட்டளையை விட்டுவிட்டு அந்தக் கடவுச்சொற்களை எழுதிக்கொள்வதே எளிது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனித்தனியாகக் கேட்கும் கல்லூரி, பெருநிறுவன வைஃபைகளுக்கு இந்த முறை முழுமையாக உதவாது. அங்கே உங்கள் உள்நுழைவு விவரம் ஏற்றுமதிக் கோப்பில் சேராது.

நிலையான ஐபி விவரத்துக்கு 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்ற கட்டளையை இட்டு, வரும் திரையை அப்படியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடாப்டருக்கும் (நெட்வொர்க் இணைப்புக்கும்) கீழே 'டிஎச்சிபி எனேபிள்டு' என்ற வரி இருக்கும். டிஎச்சிபி என்பது ஐபி முகவரியைத் தானாக வழங்கும் ஏற்பாடு. அதில் 'நோ' என்றிருந்தால்தான் ஐபி கையால் அமைக்கப்பட்டது. அப்போது ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் சர்வர் ஆகிய நான்கும் உங்களுக்குத் தேவை. 'யெஸ்' என்றிருந்தும் உங்களுக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கிறது என்றால், அது ரவுட்டரில் ஒதுக்கப்பட்டிருக்கலாம். அந்த ஒதுக்கீடு நெட்வொர்க் அட்டைக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்ப்பதால், விண்டோஸை மாற்றினாலும் மாறாது.

கணினியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸ் தானாக 'டெஸ்க்டாப்' என்று தொடங்கும் ஒரு பெயரைச் சூட்டிவிடும். அலுவலகத்தில் மற்ற கணினிகள் உங்கள் பகிர்ந்த கோப்புறையையோ பிரிண்டரையோ பழைய பெயரைக் கொண்டே தேடும். கிடைக்காதபோது எல்லோரும் வைஃபையைக் குறை சொல்வார்கள். பழைய பெயரையே மீண்டும் வைத்து, பகிர்வை மறுபடி அமைத்தால் தீர்ந்தது.

உங்கள் ஃபைபர் இணைப்புக்கு பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு உள்நுழைந்து இணையும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கலாம். அவை ரவுட்டரிலேயே பதிந்திருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மடிக்கணினியிலிருந்தே டயல் செய்வதாக இருந்தால், இணைப்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடுவதே நேர்வழி. இப்படிச் சேமித்த கடவுச்சொல்லைத் தோண்டியெடுக்கும் சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் திருடர்களும் அதே வேலைக்கு அவற்றைப் பயன்படுத்துவதால் ஆன்ட்டிவைரஸ் அவற்றைத் தடுக்கும், கண்ட தளத்திலிருந்து இறக்கினால் உண்மையாகவே திருட்டு மென்பொருள் வந்து சேரும். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைப்பதற்காக அந்த ஆபத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடவுச்சொல் கையில் இருந்தும் வைஃபை இணையாமல் போவதுண்டு. வைஃபை சில்லுக்கான டிரைவர் புதிய விண்டோஸில் இல்லாததே காரணமாக இருக்கும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை முன்பே பென்டிரைவில் இறக்கி வையுங்கள். மறந்துவிட்டால், கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் வழியாக இணையம் எடுக்கலாம். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரில் உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாமல், கழற்றிய பழைய டிஸ்கை வேறு கணினியில் படிக்க முடியாது.

ஏற்றுமதி செய்த சிஎஸ்வி, எக்ஸ்எம்எல் கோப்புகளில் எல்லாம் வெளிப்படையாக இருக்கின்றன. அவற்றை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். செவன்-ஜிப் மென்பொருளில் ஒரு கடவுச்சொல்லுடன் குறியாக்கம் செய்து, வெளி டிஸ்கில் வைத்துவிட்டு, மடிக்கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் டி டிரைவிலும் உள்ள மூலப்பிரதிகளை ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி நீக்கியபின் கடைக்குக் கொடுங்கள். புதிய குரோமில் இறக்குமதி செய்து, முக்கியமான தளங்களில் ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகு வெளி டிஸ்கில் உள்ளதையும் நீக்கிவிடலாம். புதிய எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால், அதுவரை பழைய டிஸ்கைத் துடைக்காமல் வைத்திருக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். முடிந்தால் பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.