'மூடு' ஒன்றுதானா நம்மிடம்?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். குரங்குத் தொல்லைக்காக, ஜன்னலை 'லாக்' செய்யும்படி ஆங்கிலத்தில் எழுதி அறைகளில் ஒட்டினேன். ஒரு விருந்தாளி ஜன்னல் சாவியைக் கேட்டார். சாவி கிடையாது என்றதும், "அப்படியென்றால் அதற்கு லாட்ச் என்று சொல்ல வேண்டும்" என்று எல்லோர் முன்னாலும் திருத்தினார். கூசிப்போனேன். க்ளோஸ், ஷட், லாக், லாட்ச், போல்ட், ஃபாஸன் என்று ஆங்கிலத்தில் எத்தனை சொல்! தமிழில் எல்லாவற்றுக்கும் 'மூடு' ஒன்றுதானே இருக்கிறது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, ஆங்கிலச் சொல் ஒன்று மாறிப்போனது சின்ன விஷயம். அதற்காகத் தமிழை ஏழையாக்கிவிட்டீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

முதலில் ஆங்கிலத்தை முடித்துவிடுவோம். விருந்தாளி சொன்னது சரி. லாக் என்றால் பூட்டுவது. அதற்குச் சாவியோ எண்ணோ வேண்டும். போல்ட் என்றால் தாழ்ப்பாள், லாட்ச் என்றால் கொண்டி. உங்கள் ஜன்னலில் இருப்பது கொண்டி. ஆங்கிலத்தில் பொருளின் பெயரே வினையாகவும் நிற்கும். பட்டன், பின், கிளிப், ஜிப், பக்கிள் எல்லாம் அப்படித்தான். எதைக் கொண்டு மூடுகிறோம் என்று பார்த்தாலே பாதிச் சொற்கள் கைக்கு வந்துவிடும். ஷட் கூட ஒரு காலத்தில் தாழ் போடுவதைக் குறித்த சொல்தான். க்ளோஸ் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வங்கிக் கணக்கை முடிப்பதற்கும் கூட்டத்தை முடிப்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள், ஷட் அங்கே பொருந்தாது. ஃபாஸன் அசையாமல் இறுக்கிப் பொருத்துவது. அதனால்தான் சீட் பெல்ட்டுக்கு அந்தச் சொல். நம்மவர்கள் அதிகம் தவறுவது இதிலெல்லாம் இல்லை, குழாயையும் விளக்கையும் 'க்ளோஸ்' செய்யச் சொல்வதில். இரண்டுக்கும் 'டர்ன் ஆஃப்' என்பதே சரி.

சரி, இப்போது தமிழுக்கு வருவோம். கதவைச் சாத்துகிறோம். பாட்டிலை மூடுகிறோம். ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம். காதைப் பொத்திக்கொள்கிறோம். இவற்றை இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கதவைப் பொத்த முடியுமா, ஆட்டைச் சாத்த முடியுமா? மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஒரு நாள் போய் நில்லுங்கள். பூண்டை அதன் தண்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். கேரட் மூட்டையின் வாயைக் கோணூசியால் தைப்பார்கள். தோட்டத்துக்கு வேலி அடைப்பார்கள். இந்த மூன்று வேலைக்கும் அங்கே யாரும் 'மூடு' என்று சொல்லிக் கேட்க மாட்டீர்கள்.

கதவை முழுக்கச் சாத்தாமல் கொஞ்சம் திறந்தாற்போல் விடுவதற்கு 'ஒருக்களிப்பது' என்று ஒரு வினையே வைத்திருக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. உள்ளே தூங்கும் குழந்தையின் சத்தம் காதில் விழ வேண்டும், வெளிக்குளிரும் உள்ளே வரக்கூடாது என்றால் மலையில் இருக்கிற நாம் கதவை அப்படித்தானே வைக்கிறோம்? ஆங்கிலத்தில் இதற்குத் தனி வினை இல்லை. 'அஜார்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு கூடவே 'லீவ்' என்ற வினையைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், திறப்பதைப் பாருங்கள். ஆங்கிலம் பெரும்பாலும் முன்னால் ஓர் 'அன்' ஒட்டிவிட்டுப் போய்விடும்: அன்லாக், அன்பட்டன், அன்டை, அன்ராப். நாம் பூட்டைத் திறக்கிறோம், பட்டனைக் கழற்றுகிறோம், முடிச்சை அவிழ்க்கிறோம், பொட்டலத்தைப் பிரிக்கிறோம். நான்குக்கும் நான்கு வினை. ஆங்கிலத்தில் என்க்ளோஸ் என்ற ஒரே சொல் நிலத்தைச் சுற்றி வளைப்பதற்கும் வரும், விண்ணப்பத்தோடு சான்றிதழை வைத்து அனுப்புவதற்கும் வரும். நமக்கு வளைப்பது வேறு, இணைப்பது வேறு.

பூட்டு என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுதி இருப்பதே திண்டுக்கல் மாவட்டத்தில். கீழே திண்டுக்கல்லில் கையால் செய்கிற பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில்தான் நம் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. அந்தப் பூட்டு, தொங்குகிற பொருளுக்கும் பெயர், செய்கிற வேலைக்கும் வினை. பொருளின் பெயரே வினையாக நிற்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கதவைப் பூட்டுகிற அதே சொல்லால் ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். மாட்டுக்கு லாக் என்று ஆங்கிலத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது, அங்கே 'யோக்' என்று வேறு சொல் வேண்டும். சாவி, ஜன்னல், பித்தான் மூன்றும் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. ஆங்கிலம் க்ளோஸை வாங்கியது போல நாமும் வாங்கினோம். அதில் யாருக்கும் குறைவு கிடையாது.

இனி உங்கள் அறிவிப்பு. பழையதை எடுத்துவிட்டு இரண்டு வரியாக எழுதி ஒட்டுங்கள். மேலே தமிழில், 'ஜன்னலைச் சாத்திக் கொண்டி போடவும். குரங்கு வரும்.' அதன் கீழே ஆங்கிலத்தில், 'ப்ளீஸ் க்ளோஸ் அண்ட் லாட்ச் தி விண்டோ.' ஒட்டுவதற்கு முன்பு எல்லா அறைக் கொண்டிகளையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். தளர்ந்த கொண்டியைக் குரங்கு ஆட்டி ஆட்டியே திறந்துவிடும்.