ரத்தத்தில் இருந்த கிருமி ஒழிந்த பிறகும் பெருங்குடலைப் பரிசோதிக்கச் சொல்வது ஏன்?

தங்கள் தந்தையின் ரத்த கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலைட்டிகஸ்' என்ற பாக்டீரியா வளர்ந்ததாகவும், ஆண்டிபயாடிக் ஊசியில் காய்ச்சல் விட்ட பிறகும் மருத்துவர் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளச் சொல்வதாகவும், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறவன் என்ற முறையில் என் பதில்: அவசியம் செய்துகொள்ளுங்கள்.

பல் துலக்கும்போதுகூடச் சில பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலப்பதுண்டு. கல்லீரலும் மண்ணீரலும் சிறிது நேரத்திலேயே அவற்றை அகற்றிவிடும். அதையும் மீறி ஒரு கிருமி கல்ச்சரில் வளர்கிறது என்றால், அது எந்த வழியாக நுழைந்தது, உடல் ஏன் அதை விரட்டவில்லை என்று தேடியாக வேண்டும். கல்ச்சர் பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்துக் பாக்டீரியாக்களை வகைபிரிக்க உதவும் கிராம் சாயத்தை ஏற்றினால் இந்தக் கிருமி ஊதா நிறச் சங்கிலியாகத் தெரியும். ஆனால் பல வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் அப்படித்தான் தெரியும் என்பதால், இனத்தின் பெயர் உறுதியான பிறகே விஷயம் பிடிபடும். குடலில் வாழும் இக்கிருமிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1970-களிலிருந்தே நன்கு அறியப்பட்டது. புற்றோ, பிற்காலத்தில் புற்றாகக்கூடிய பாலிப்போ (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைக்கட்டி) உள்ள இடத்தில் குடல்சுவரின் காப்பு குலைவதால், அது ரத்தத்துக்குள் புக வழி கிடைக்கிறது. கட்டி வளரக் கிருமியே துணைபோகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; எப்படியிருந்தாலும் பரிசோதனையின் தேவை மாறாது. தொந்தரவு இல்லை என்பதையும் ஆறுதலாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் பாலிப்புகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை.

பழைய அறிக்கைகளில் இதை 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்' என்று எழுதுவார்கள். அந்தப் பெயருக்குள் பல உள்ளினங்கள் அடங்கியிருந்தன. காலோலைட்டிகஸ் இனத்துக்குள்ளும், பெருங்குடல் கட்டிகளோடு நெருங்கிய தொடர்புள்ளது அதே பெயர் கொண்ட 'காலோலைட்டிகஸ்' உள்ளினமே, 'பாஸ்டூரியானஸ்' என்ற உள்ளினத்துக்கு அத்தொடர்பு குறைவு. ஆகவே அறிக்கையில் உள்ளினத்தோடு முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆய்வகத்தில் கேளுங்கள்.

இப்படி அடிப்படை நோயைக் காட்டிக்கொடுக்கும் கிருமிகள் வேறும் உண்டு. 'கிளாஸ்ட்ரிடியம் செப்டிகம்' வளர்ந்தாலும் குடல் புற்றையும் ரத்தப் புற்றையும் தேடுவோம். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் நோய் கண்டவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கும், சிலருக்கு அது அப்போதுதான் தெரியவரும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் ஒருவரை மறுபடியும் தாக்கினால் எதிர்ப்பாற்றலில் பிறவிக் குறை உண்டா என்று சோதிப்பார்கள். அதற்காக அறிக்கையில் எந்தக் கிருமியின் பெயரைக் கண்டாலும் பதறிவிடக் கூடாது: ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்திருந்தால், அது பெரும்பாலும் ரத்தம் எடுக்கையில் ஒட்டிக்கொண்டதாகவே இருக்கும்.

இன்னொன்று, தங்கள் தந்தையிடம் கண்ட காலோலைட்டிகஸ் கிருமி இதய வால்வுகளில் படியும் வழக்கமுள்ளது. எக்கோ (இதய ஸ்கேன்) இன்னும் எடுக்கவில்லை என்றால் மருத்துவரிடம் உடனே கேளுங்கள், ஏனெனில் வால்வில் தொற்று இருந்தால் ஊசி மருந்தைப் பல வாரங்கள் தொடர வேண்டிவரும்.