கேளுங்க, சொல்லுதேன்: மண்டிக்குள்ள ஒரு டேட்டாபேஸ் சர்வர்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு நெல் மண்டி. பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு லினக்ஸ் போட்டு, கணக்கு வைக்க மரியாடிபிங்கிற டேட்டாபேஸ் ஏத்தியாச்சு, அதே மெஷின்ல நல்லா ஓடுது. எடை போடுற இடத்துல இருக்க பில்லிங் கம்ப்யூட்டர்ல இருந்து போனா மட்டும் கனெக்ட் ஆகல, 111னு வருது. ஃபயர்வால ஆஃப் பண்ணியும் அதேதான். (வாசகர், அம்பாசமுத்திரம்)

ஃபயர்வால முதல்ல ஆன் பண்ணிருங்க தம்பி, அது மேல தப்பே இல்ல. 111ன்னா கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த ஐபில (நெட்வொர்க் முகவரில) மரியாடிபியோட வாசலான 3306 போர்ட்ல கேக்கதுக்குத்தான் ஆளில்ல. ஃபயர்வால் மறிச்சிருந்தா பெரும்பாலும் ரொம்ப நேரம் சுத்திட்டு 110, டைம் அவுட்டுன்னு வரும். உபுண்டு, டெபியன்ல மரியாடிபி ஏத்துனா 127.0.0.1ல மட்டுந்தான் கேக்கும், அதாவது தன் மெஷினுக்கு மட்டும். பாதுகாப்புக்காக வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க.

எட்சி/மைஎஸ்க்யூஎல்/மரியாடிபி.கான்ஃப்.டி ஃபோல்டர்ல 50-சர்வர்.சிஎன்எஃப்னு ஒரு ஃபைல் கெடக்கும், அதுல பைண்ட்-அட்ரஸ்ங்கிற வரில சர்வரோட லோக்கல் ஐபிய, 192.168.1.10னு வச்சிக்கிடுவோம், அதப் போட்டு சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஆனா அந்த ஐபி மாறவே கூடாது பாத்துக்கிடுங்க, ரவுட்டர்லயே அந்த மெஷினுக்கு நிரந்தரமா ஒதுக்கிருங்க, இல்லன்னா கரண்ட் போய் வந்ததும் வேற ஐபி வாங்கிக்கிட்டு டேட்டாபேஸ் எந்திரிக்கவே செய்யாது, பிசானம் நெல் அறுப்பு நேரத்துல வாசல்ல லாரி நிக்கும்போது அது வந்தா தாங்காது.

அடுத்து 1130னு ஒரு எரர் வரலாம். பயப்படாண்டாம், அது வந்தா சர்வர் பேச ஆரம்பிச்சிட்டுன்னு அர்த்தம், அந்த ஐபில இருந்து வர யூசர்னு யாரும் பதிவாகலங்குது, அவ்ளோதான். பில்லிங்குக்குன்னு தனி யூசர் போட்டு ஹோஸ்ட்ல 192.168.1.%னு குடுங்க (192.168.1.னு ஆரம்பிக்குற உங்க மண்டி ஐபி மட்டும்னு அர்த்தம்), மண்டி டேட்டாபேஸ் ஒண்ணுல மட்டும் செலக்ட், இன்செர்ட், அப்டேட் (பாக்க, சேக்க, திருத்த) அனுமதி போதும். வெறும் % (எந்த ஐபியும் வரலாம்) போடுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர வெளிய இருந்து விடவே விடாதீங்க. ஃபயர்வால்லயும் 192.168.1.0/24க்கு, அதாவது அதே மண்டி ஐபிகளுக்கு மட்டும் 3306 திறந்தா போதும். வீட்ல இருந்து கணக்கு பாக்கணும்னு ரவுட்டர்ல அந்த போர்ட்ட இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது, திறந்த போர்ட்டத் தேடிக்கிட்டே திரியுற ப்ரோக்ராம்கள் ஏராளம், வேணும்னா விபிஎன் (இன்டர்நெட் வழியா பூட்டுன தனி வழி) போட்டுக்கிடுங்க.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன், பேக்கப். ராத்திரி 2 மணிக்கு க்ரான் (குறிச்ச நேரத்துல தானா வேலைய ஓட்டுறது) போடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, மண்டி கம்ப்யூட்டர் அந்நேரம் ஆஃப்ல கெடக்கும், க்ரான் அத விட்டுட்டுப் போயிரும். சாயங்காலம் கடை அடைக்கதுக்கு முன்னாடி நேரம் குடுங்க, டேட்டாபேஸ ஃபைலா எடுத்துத் தர மரியாடிபி-டம்ப்ப சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷனோட ஓட விட்டா இன்னோடிபிங்கிற வகை டேபிளா இருந்தா பில் போடுறது நிக்காது. ஃபைல் வேற ஒரு டிஸ்க்ல போய் விழணும், மாசம் ஒருக்கா வேற மெஷின்ல அத ரீஸ்டோர் பண்ணி நேத்து பில்லு இருக்கான்னு கண்ணால பாத்துருங்க.

கேள்வி: பாய்னு தமிழ்ல அடிச்சா பில்லுல ????ன்னு வருது. ஏற்கனவே அடிச்சதெல்லாம் போச்சா? (வாசகர், பத்தமடை)

போச்சா இல்லையான்னு உடனே பாத்துரலாம். டேட்டாபேஸ்ல செலக்ட் போடும்போது அந்தப் பேரு இருக்க பத்திய (காலம்ன்னு சொல்லுவாங்கல்லா, அத) ஹெக்ஸ்னு போட்டுக் கேளுங்க, உள்ள இருக்க கோட அப்படியே காட்டும். 3எஃப்3எஃப்னு வரிசையா வந்தா உள்ளயே கேள்விக்குறிதான் ஏறியிருக்கு, பழைய பேக்கப்ல இருந்தாத்தான் உண்டு, இல்லன்னா திரும்ப அடிக்க வேண்டியதுதான். இ0ஏஇன்னு ஆரம்பிச்சா எழுத்து பத்திரமா இருக்கு, காட்டுற இடத்துலதான் கோளாறு. ப, துணைக்கால், ய, புள்ளின்னு கம்ப்யூட்டருக்கு நாலு எழுத்துக் குறியீடு இருக்குல்லா, அதான் சரியா நாலு கேள்விக்குறி. டேபிளு, கனெக்‌ஷன் ரெண்டும் யுடிஎஃப்8எம்பி4ங்கிற, தமிழும் அடங்குற எழுத்து முறைல இருக்கணும். டேபிள மாத்திட்டு கனெக்‌ஷன மறந்துருதாங்க, பில்லிங் சாஃப்ட்வேர் கனெக்ட் ஆகுற வரில கேரக்டர்செட்ட போடச் சொல்லுங்க. எதை மாத்துறதுக்கும் முன்னாடி ஒரு டம்ப் எடுத்து வச்சிக்கிடுங்க.