கோவை வளாகம் கிடைக்கவில்லை என்றால்?

ஐயா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி இடம் கிடைக்குமா என்பது ஒன்று. "நான் சேற்றில் கிடந்தது போதாதா, படித்துவிட்டு அவளும் வயலுக்குத்தான் போகணுமா?" என்பது இன்னொன்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான். அதை முதலில் பேசுவோம்.

கும்பகோணம் பக்கம் குறுவை போடுகிறவர் நீங்கள். ஏடிடி 43 நெல் ரகம் உங்களுக்குத் தெரியாத பெயர் இல்லை. அந்த ஏடிடி, ஆடுதுறையைக் குறிக்கிறது. அங்கே 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இன்று இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கிறது. கோ 51 கோவையில் உருவானது. டிகேஎம் என்றால் திரூர்குப்பம், ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம். இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, விவசாயிகளின் வயலிலேயே நட்டுப் பார்த்துத்தான் ஒரு ரகத்தை வெளியிடுகிறார்கள். வருஷக்கணக்கில் ஆகும் வேலை அது. உங்கள் மகள் படிக்கப்போவது இந்த வேலையை. பயிரோடு வளர்ந்த பிள்ளை என்பதால் அவளுக்கு அது சீக்கிரம் பிடிபடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்கு வருஷப் படிப்பு. கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு பழகிக் கற்கும் பயிற்சி உண்டு. முடித்தபின் டிஎன்பிஎஸ்சி வழியாக வேளாண் அலுவலர் ஆகலாம், வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வு எழுதலாம், இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். விதை, உரக் கம்பெனிகளிலும் வேலை இருக்கிறது. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று அங்கேயே தொடரலாம்.

சரி, இப்போது இடத்துக்கு வருவோம். இந்தப் பல்கலைக்கழகம் 1868-இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு வந்து, 1971-இல் பல்கலைக்கழகமானது. அந்தப் பெயருக்காகவே எல்லோரும் கலந்தாய்வு விருப்ப வரிசையில் கோவை வளாகத்தை முதலில் போடுகிறார்கள். தரவரிசையில் முன்னால் இருப்பவர்களோடு அது நிரம்பிவிடும். அது கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பல்கலைக்கழகமே நடத்தும் மதுரை, கிள்ளிகுளம், திருச்சி உறுப்புக் கல்லூரிகளிலும் அதே பாடத்திட்டம், அதே பட்டம். உங்களுக்குத் திருச்சி பக்கம்கூட.

அக்ரி மட்டும்தான் படிப்பு என்றும் நினைக்காதீர்கள். தோட்டக்கலைக்குப் பெரியகுளம், வனவியலுக்கு மேட்டுப்பாளையம், வேளாண் பொறியியலுக்குக் குமுளூர் இருக்கின்றன. பொறியியல் கேட்டால் பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும். அப்புறம், நீட் மதிப்பெண் பற்றிய பயமே வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இணைப்புக் கல்லூரி என்ற பெயரில் தனியார் கல்லூரிகளும் பட்டியலில் வரும். அங்கே கட்டணம் அதிகம். விருப்ப வரிசையில் சேர்ப்பதற்கு முன் நேரில் போய், பயிற்சிக்கு எத்தனை ஏக்கர் நிலம், தண்ணீர் இருக்கிறதா, மண் பரிசோதனைக் கூடம் நடக்கிறதா என்று பாருங்கள். கட்டிடத்தை விட்டுவிட்டு வரப்பில் நடந்து பாருங்கள். அந்த நிலத்தில் உண்மையாகவே பயிர் நடக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

அடுத்த முறை ஆடுதுறைக்கு விதை வாங்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் அவளே பேசட்டும்.