கல்லீரலில் சிறிய புற்றுக்கட்டி: சுட்டெரிப்பதா, கதிர்வீச்சா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. ஹெபடைட்டிஸ் பி தொற்றால் பல ஆண்டுகளாகக் கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளது. அண்மையில் எடுத்த ஸ்கேனில், கல்லீரலின் மேற்பகுதியில் உதரவிதானத்தை ஒட்டி 2.6 செ.மீ. அளவில் ஒரே ஒரு புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியிருப்பதாலும் தட்டணுக்கள் குறைவாக இருப்பதாலும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிறார்கள். ஒரு மருத்துவர், ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் துல்லியக் கதிர்வீச்சைப் பரிந்துரைக்கிறார். எது நல்லது? கதிர்வீச்சு என்பது வேறு வழியே இல்லாதபோது தருவதுதானே?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கல்லீரல் முழுவதும் கதிர்வீச்சு படும்போது அது சுமார் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவைத் தாங்குவதே கடினம். கல்லீரல் புற்றைக் கட்டுப்படுத்தவோ அதைவிடக் கூடுதலான அளவு தேவைப்பட்டது. கட்டியை மட்டும் தாக்கி மற்றப் பகுதியைத் தப்பவிடும் தொழில்நுட்பம் இல்லாத நாட்களில், கதிர்வீச்சு பெரும்பாலும் வலி தணிப்பதோடு நின்றுபோனது. நாம் மூச்சு விடும்போது கல்லீரல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்கிறது என்பது இன்னொரு தடை. இன்று அந்த நகர்வையும் சேர்த்துப் படமெடுக்கும் சி.டி. உண்டு, ஒவ்வொரு அமர்விலும் சிகிச்சை தொடங்குமுன் கட்டியின் இருப்பிடத்தைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. இவற்றின் துணையோடு, பல கோணங்களிலிருந்து வரும் கதிர்களைக் கட்டியில் குவித்து, பெரும்பாலும் 3 முதல் 5 அமர்வுகளில் மொத்தம் 30 முதல் 50 கிரே வரை தருவதைத்தான் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு, சுருக்கமாக எஸ்.பி.ஆர்.டி., என்கிறோம். உங்கள் தந்தைக்குப் பரிந்துரைக்கப்பட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வழக்கமான எக்ஸ் கதிர்களுக்குப் பதிலாகப் புரோட்டான் கதிர்களைக் கொண்டும் இதைச் செய்யலாம். இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளைக் கல்லீரல் தமனி வழியாகக் கட்டிக்குள் அனுப்பும் முறை வேறு. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான் கதிர்வீச்சுத் துறையைச் சேர்ந்தவன். ஆகவே என் சொல்லைச் சற்றுக் கழிவோடு எடுத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது.

ஆரம்பநிலைக் கல்லீரல் புற்றுக்கு நெடுங்காலமாக நிலைபெற்ற சிகிச்சைகள் மூன்று: கட்டியுள்ள பகுதியை வெட்டியெடுத்தல், கல்லீரல் மாற்று, வெப்பத்தால் சுட்டெரித்தல். வெட்டியெடுப்பது உங்கள் தந்தைக்குப் பொருந்தாது என்று சொன்னது சரியான முடிவு. போர்ட்டல் அழுத்தம் கூடிய சிரோசிஸ் கல்லீரலில் ஒரு பகுதியை அகற்றினால், மீதமுள்ளது உடலின் தேவைக்கு ஈடுகொடுக்காமல் போகலாம். மாற்று அறுவையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை; அதைக் கேட்காமல் விடாதீர்கள். 1996-இல் இத்தாலியின் மிலானிலிருந்து வெளியான ஆய்வின் அடிப்படையில், 5 செ.மீ.க்கு மேற்படாத ஒரே கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களுக்கு மாற்று நல்ல பலன் தருகிறது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. கட்டியின் அளவைப் பொறுத்தவரை உங்கள் தந்தை அந்த வரம்புக்குள் வருகிறார். வயதும் இதயத்தின் நிலையும் இடம்கொடுக்குமா என்பதை மாற்று மையம்தான் சொல்ல முடியும். மற்ற எல்லாச் சிகிச்சைகளும் கட்டியைத்தான் நீக்குகின்றன. கட்டியை விளைவித்த சிரோசிஸையும் சேர்த்து நீக்குவது மாற்று ஒன்றே.

இந்த வேறுபாடு சிறியதன்று. கட்டியை முழுமையாக வெட்டியெடுத்தவர்களிலேயே 5 ஆண்டுகளுக்குள் சுமார் 70 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் மீண்டும் புற்று தோன்றுகிறது. அவற்றில் பல, பழைய கட்டியின் மிச்சம் அல்ல. அதே நோயுற்ற நிலத்தில் முளைத்த புதியவை. எனவே இன்று எதைத் தேர்ந்தாலும், அடுத்த கட்டி வரும்போது கல்லீரலில் எவ்வளவு வலு மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இப்போது உங்கள் முன்னுள்ள இரண்டு வழிகளுக்கு வருவோம். ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் கொண்டு சுட்டெரிப்பது 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில், குறிப்பாக 2 செ.மீ.க்குள் இருப்பவற்றில், மிக நன்றாகச் செயல்படுகிறது. பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிகிறது. கட்டியைச் சுற்றிப் போதிய ஓரம் எரிந்துள்ளதா என்பதை உடனடியாகவோ சில வாரங்களிலோ ஸ்கேனில் பார்த்துவிடலாம். வேறிடத்தில் புதிய கட்டி வந்தால் மீண்டும் செய்யலாம். ஆனால் இதன் வெற்றி, கட்டி இருக்கும் இடத்தைப் பெரிதும் சார்ந்தது. 3 மி.மீ.க்கு மேற்பட்ட ரத்தக்குழாய் அருகில் இருந்தால், ஓடும் ரத்தம் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடுகிறது. மைக்ரோவேவில் இந்தச் சிக்கல் குறைவு. பெரிய பித்தநாளம், பித்தப்பை, குடல் ஆகியவற்றுக்கு அருகில் சுட்டால் அவை புண்படும் அபாயம் உண்டு. உதரவிதானத்தின் அடியில் உள்ள கட்டி அல்ட்ராசவுண்டில் முழுமையாகத் தெரிவதும் கடினம், ஊசிக்குப் பாதுகாப்பான தடம் கிடைப்பதும் கடினம். வயிற்றறைக்குள் திரவம் செலுத்தி உதரவிதானத்தை விலக்கியோ, லேப்ராஸ்கோப் வழியாகவோ செய்யத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லா இடத்திலும் இல்லை.

கதிர்வீச்சுக்கும் இடம் முக்கியம்தான், ஆனால் தடைகள் வேறு. பெரிய ரத்தக்குழாயோ உதரவிதானமோ அதற்குத் தடையல்ல. இரைப்பையோ சிறுகுடலின் தொடக்கப் பகுதியோ கட்டியை ஒட்டியிருந்தால்தான் தயக்கம். அவை புண்ணாகி ரத்தம் கசியவோ துளைபடவோ கூடும் என்பதால் அளவைக் குறைக்க நேரிடும். உங்கள் தந்தையின் கட்டி மேற்புறத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை ஏற்பட வாய்ப்பு குறைவு. ஊசி தேவைப்படாததால் தட்டணுக் குறைவும் பெரிய கவலையல்ல; ஆனால் கட்டியின் அருகே தங்கத் துகள்களை அடையாளத்துக்காகப் பதிக்க வேண்டியிருந்தால் அதற்கு ஊசி உண்டு.

பலனை ஒப்பிட்டால்? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் 224 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது: ஓராண்டு முடிவில் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளராமல் இருந்தது சுட்டெரித்தலில் சுமார் 84 விழுக்காடு, எஸ்.பி.ஆர்.டி.யில் 97 விழுக்காடு; 2 செ.மீ.க்குக் குறைவான கட்டிகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அடுத்து 2018-இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் தரவுகளை ஆராய்ந்த வேறொரு குழு இதற்கு நேர்மாறான முடிவைச் சொன்னது: 5 ஆண்டு உயிர் வாழ்ந்தோர் சுட்டெரித்தலில் சுமார் 30 விழுக்காடு, கதிர்வீச்சில் 19. இரண்டையும் படித்துவிட்டுக் குழம்புவது இயல்பு. முதலாவது அளந்தது கட்டியை. இரண்டாவது அளந்தது ஆயுளை. மேலும், சுட்டெரிக்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களும் சிக்கலான கட்டி உள்ளவர்களும்தான் அக்காலத்தில் கதிர்வீச்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படிப்பட்ட இரு கூட்டத்தை அருகருகே வைத்துச் சிகிச்சையை எடைபோடுவது எளிதல்ல. புள்ளிவிவரத் திருத்தங்கள் அந்த வேறுபாட்டை முழுமையாக ஈடுகட்டுவதில்லை.

ஆகவே யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுக்கே அதிக மதிப்பு. தென்கொரியாவில் 3 செ.மீ.க்கு உட்பட்ட, சிகிச்சைக்குப் பின் மீண்டும் வந்த அல்லது எஞ்சிய கட்டிகளுடன் இருந்த 144 பேரிடம் புரோட்டான் கதிர்வீச்சும் ரேடியோ அலைச் சுட்டெரிப்பும் ஒப்பிடப்பட்டன. 2021-இல் வெளியான முடிவின்படி, ஈராண்டுக்குக் கட்டி அதே இடத்தில் வளராமல் இருந்தது முறையே சுமார் 93, 83 விழுக்காடு. உயிர் வாழ்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் முதன்முறையாகக் கட்டி கண்டவர்கள் அல்லர் என்பதையும், பயன்பட்டது புரோட்டான் என்பதையும் மறந்துவிட்டு அந்த எண்களை உங்கள் தந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

கதிர்வீச்சில் நான் அதிகம் அஞ்சுவது கட்டியை அன்று, மீதக் கல்லீரலை. சிகிச்சை முடிந்த இரண்டு வாரத்திலிருந்து மூன்று, நான்கு மாதத்துக்குள் மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீர்க்கோவையோ தோன்றினால், அது கதிர்வீச்சால் கல்லீரல் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். இந்த அபாயத்தைக் கணிக்க உதவுவது சைல்டு-பக் மதிப்பெண்: பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், நீர்க்கோவை, மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் வைத்து இதைக் கணக்கிடுகிறோம். 5 அல்லது 6 என்றால் 'ஏ' வகுப்பு. அந்நிலையில் நான் தயக்கமின்றி எஸ்.பி.ஆர்.டி. தருவேன். 7 என்றால் அளவைக் குறைத்துத் திட்டமிடுவேன். 8-ம் அதற்கு மேலும் என்றால், மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் அல்லாத நிலையில், பெரும்பாலும் தவிர்ப்பேன். எந்த வகுப்பானாலும், குறைந்தது 700 மி.லி. அளவு நல்ல கல்லீரல் கதிரின் தாக்கத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். உங்கள் தந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதால், என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் போன்ற மருந்து முன்பே தொடங்கப்பட்டிருக்க வேண்டும், சிகிச்சைக்குப் பிறகும் நிறுத்தக் கூடாது. வைரஸ் மீண்டும் கிளர்ந்தெழுந்தால் கட்டியைவிட விரைவாகக் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், என் முடிவு இதுதான். இந்த இடத்தில் உள்ள கட்டிகளை வழக்கமாகச் சுட்டு வருபவர், ஸ்கேனைப் பார்த்து, முழு ஓரத்தோடு எரிக்க முடியும் என்று உறுதியாகச் சொன்னால், தட்டணு எண்ணிக்கையும் இடம்கொடுத்தால், சுட்டெரிப்பதையே முதலில் தேர்வேன். அடுத்த கட்டி வந்தாலும் அதைத் திரும்பச் செய்வது எளிது, கதிர்வீச்சில் முன்பு கொடுத்த அளவு மீண்டும் கொடுக்கும் அளவுக்கு வரம்பு வைக்கிறது. அவர் 'முயன்று பார்க்கலாம்' என்ற தொனியில் பேசினால், எஸ்.பி.ஆர்.டி.யைத் தேர்வேன், சைல்டு-பக் 'ஏ' என்றால் இது இரண்டாந்தரத் தேர்வு அன்று.

கதிர்வீச்சைத் தேர்ந்தால் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருங்கள். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி இன்னும் ரத்தம் உறிஞ்சுவதுபோல் ஒளிர்ந்து தெரியலாம்; அது தோல்வி அன்று, சில மாதங்கள் வரை, சிலருக்கு ஓராண்டு வரைகூட அப்படி நீடித்துப் பிறகு மங்கிவிடும். அந்தப் படத்தைப் பழகாத கண் 'கட்டி அப்படியே இருக்கிறது' என்று எழுதிவிடுவதுண்டு. எனவே தொடர் ஸ்கேன்களை, சிகிச்சை தந்த குழுவே பழைய படங்களோடு ஒப்பிட்டுப் படிக்கும்படி கேளுங்கள்.