வாசகர் கேள்வி: முகம் மழுங்கிய நாணயத்தில் விளிம்பு எழுத்து மட்டும் நிற்பது ஏன்?

கேள்வி: என் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய வட்ட ஒரு பவுண்டு நாணயம் என்னிடம் இருக்கிறது. 1983-ஆம் வருடத்தது. ராணியின் முகமும் பின்பக்கச் சின்னமும் நன்றாக மழுங்கிவிட்டன. ஆனால் விளிம்பைச் சுற்றியுள்ள எழுத்தை இன்னமும் படிக்க முடிகிறது. ராணி முகம் மேலே இருக்கும்படி வைத்தால் அந்த எழுத்து தலைகீழாக வருகிறது. "இது அச்சுப் பிழை, அபூர்வம், நல்ல விலை போகும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: விலைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அது பிழை இல்லை. அந்தப் பவுண்டுக்கு விளிம்பு எழுத்து, முகம் அச்சாவதற்கு முன்பே வெற்று வில்லையில் உருட்டிப் பதிக்கப்பட்டது. அப்புறம்தான் வில்லை அச்சு இயந்திரத்துக்குப் போனது. எந்தப் பக்கம் மேலே விழுகிறதோ அதில் ராணி முகம். ஆக, ஏறக்குறைய பாதி நாணயங்களில் எழுத்து நேராக இருக்கும், பாதியில் தலைகீழாக இருக்கும். 1983-ல் மட்டும் 44 கோடிக்கு மேல் அடித்தார்கள். 2017 அக்டோபர் 15-ஓடு வட்டப் பவுண்டு செல்லாததாகியும் விட்டது. யாராவது சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் முதல் கவனிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாணயம் பார்க்கிறவர்களில் பலர் பூவையும் தலையையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள்.

ராணியின் முகம் புடைத்து நிற்பது. உரசல் முதலில் படுவது அதன் மேல்தான். கன்னமும் கூந்தலும் சீக்கிரம் வழவழப்பாகும். உங்கள் நாணயத்தின் விளிம்பெழுத்து உள்ளே குழிந்தது. சுற்றியுள்ள உலோகம் எழுத்தின் அடிமட்டம் வரை தேய்ந்தால்தான் அது மறையும். கோயில் படிக்கல்லில் வெட்டிய கல்வெட்டு, அத்தனை பேர் மிதித்தும் படிக்கக் கிடைக்கிறதே, அதே கதைதான். தவிர, மேஜையிலோ கல்லாப்பெட்டியிலோ நாணயம் படுத்த வாக்கில்தான் கிடக்கிறது. விளிம்பு உரசுவது குறைவு.

ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பத்து மடங்கு லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். 'டெக்கஸ் எட் டூட்டாமென்' என்று லத்தீனில் ஓடும். 'அணியும் காப்பும்' என்று பொருள். எழுத்துகளைச் சுற்றி நெருக்கமாகக் குறுக்கு வரிகள் இருக்கும். அந்த வரிகளின் முகடுகள்தான் முதலில் தட்டையாகும். எழுத்தின் ஓரங்கள் கூர்மை இழந்திருக்கும், ஆழம் குறைந்திருக்கும், ஆனாலும் வடிவம் நிற்கும். ஒரே இடத்தில் மட்டும் எழுத்து நசுங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை, கீழே விழுந்த அடி.

இன்னொன்றும் உண்டு. எழுத்து மங்கலாக இருப்பதெல்லாம் தேய்மானம் ஆகாது. முகம் அச்சாகும்போது உலோகம் வெளிப்பக்கம் பிதுங்கி, பதிந்திருந்த எழுத்தைக் கொஞ்சம் நெரிக்கக்கூடும். முகம் புத்தம் புதிதாக, எழுத்து மட்டும் மங்கலாக இருந்தால் அதைப் பிறவியிலேயே வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புடைத்த விளிம்பெழுத்தின் கதை வேறு. இதே லத்தீன் வாசகம் முதலில் வந்தது 1662-ல், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் 'கிரவுன்' என்ற பெரிய வெள்ளி நாணயத்தில். விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களைத் தடுக்க, பிளாண்டோ என்ற பிரெஞ்சுக்காரரின் முறையில் எழுத்தைப் புடைப்பாகப் பதித்தார்கள். சுரண்டினால் உடனே தெரியும், நல்ல யோசனை. ஆனால் புழக்கத்திலும் அது தேயும். விக்டோரியா ராணியின் 1893 கிரவுனில், அவர் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பது விளிம்பில்தான் இருக்கிறது, ரோமன் எண்ணில்: சிலவற்றில் 56 (LVI), சிலவற்றில் 57 (LVII). இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு தேய்ந்துவிட்டால் எந்த வகை என்று சொல்வது பெரும்பாடு. 1935 வெள்ளிவிழா கிரவுனில் இரண்டு விதமும் உண்டு: சாதாரண நாணயத்தில் குழிந்த எழுத்து, சேகரிப்பாளர்களுக்காகச் செய்த 2,500-ல் மட்டும் புடைத்த எழுத்து. பைக்குள் புழங்காத நாணயத்துக்குப் புடைப்பு சரி; புழங்கும் நாணயத்துக்குக் குழிவுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

போலியைப் பிடிக்கவும் விளிம்புதான் முதல் இடம். வட்டப் பவுண்டின் கடைசிக் காலத்தில் முப்பதில் ஒன்று போலி என்று பிரிட்டன் அரசே சொன்னது. போலியில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சீராக இருக்காது, ஆழமும் ஒன்றுபோல இராது. சிலவற்றில் படத்துக்கும் வாசகத்துக்குமே பொருத்தம் இல்லை. 1984 பவுண்டின் பின்பக்கத்தில் இருக்கும் முட்செடி ஸ்காட்லாந்துச் சின்னம். அதன் விளிம்பில் 'நெமோ மி இம்ப்யூனே லசெசிட்' என்று இருக்க வேண்டும். அங்கே 'டெக்கஸ்' இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலிதான். 2017-ல் வந்த பன்னிரண்டு பக்கப் பவுண்டில் விளிம்பு வாசகத்தையே எடுத்துவிட்டார்கள்.

நம்மூரிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1992-ல் வந்த கனமான ஐந்து ரூபாயை எடுத்துப் பாருங்கள், ஒன்பது கிராம் எடை. விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் சின்னச் சின்ன உருக்கள். பள்ளத்தின் இரண்டு கரைகளும் உரசலைத் தாங்கிக்கொள்வதால் உள்ளே இருப்பது தப்பிக்கிறது. வெள்ளியை ஐம்பது சதவீதமாகக் குறைத்து 1940-ல் வந்த ரூபாயிலும் இதே பாதுகாப்பு விளிம்புதான்.

உங்கள் நாணயத்தின் எழுத்துக்குள் கறுப்பாக அழுக்கு இருந்தால் ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். ஊசி போடும் கீறல், முப்பது வருடப் புழக்கம் செய்ததைவிட அதிகம் கெடுக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். வைப்பதற்கு அட்டை உறை வேண்டாம், அது விளிம்பை மூடிவிடும். பக்கவாட்டிலும் பார்க்கக்கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவாக வாங்குங்கள்.